காளானுக்கு ஒரு சிரமதானம்

பல்லேகம காட்டோரத்தில் விருந்தினர் விடுதி நடத்துகிற பலீல், பொல்கிச்சாக் குருவியின் பாட்டைக் கைப்பேசியில் போட்டுக் காட்டியதும் கிராமச் சங்கமே வாய் பிளந்து கேட்டது. நிஷ்மியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்தளையில் தாவரவியல் படிப்பிக்கிற அவள் இத்தனை தூரம் பஸ்ஸில் குலுங்கி வந்தது, காட்டின் ஒரு மூலையைக் காப்பாற்ற. அங்கே முளைக்கிற காளான் இந்த மலையில் வேறெங்கும் இல்லை. அது போனால் போனதுதான். இவர்களோ அங்கே குருவி பார்க்கக் கொட்டில் போடலாம் என்கிறார்கள்!

“இந்தப் பொல்கிச்சா கலேவெல பஸ் ஸ்டாண்ட்லயும்தான் கத்துது, நானா. கக்கூஸ் கூரையிலயும் உக்காந்து கத்துது. அதுக்கு எதுக்குங்க காடு?”

“பாட்டாவது பாடுதே மிஸ். உங்க காளான் என்ன செய்யும்?”

“அது செய்யிற வேலையில கால்வாசிகூட உங்க குருவி செய்யாது.”

சங்கச் செயலாளர் ஹவ்வா மெதுவாகக் கேட்டாள். “அது எதுல மொளைக்குது மிஸ்? ஒருக்கா வந்து காட்டுறீங்களா?”

“சொன்னா உங்களுக்கு வெளங்காது. எடத்த ஒதுக்கி, தொடாதீங்கன்னு ஒரு போட் எழுதிப் போடுங்க, போதும்.”

குருவிச் சத்தத்துக்குத் தலையாட்டுகிற கூட்டத்துக்குப் பாடம் எடுக்க அவளுக்கென்ன தலையெழுத்தா? பொல்கிச்சா ஊரெல்லாம் உண்டு என்பது பலீலுக்கும் தெரியும். அவர் விட்டுக்கொடுத்தார். தன் கெட்டித்தனம்தான் வென்றது என்று நிஷ்மியா நினைத்துக்கொண்டாள்.

அடுத்த கிழமை வந்து பார்த்தாள். ஊரே திரண்டு சிரமதானமாக இடத்தைத் துப்புரவு செய்திருந்தது. தரையில் ஒரு சருகு இல்லை. நடுவில் புதுப் பெயின்ட் அடித்த பலகை: ‘அரிய காளான். தொடாதீர்கள்.’ ஓரத்தில் ஒரு குவியல் புகைந்துகொண்டிருந்தது.

“உக்கி உளுத்துப்போன கட்டையெல்லாம் அசிங்கமா கெடந்துச்சு மிஸ்,” என்றார் பலீல். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. “எல்லாத்தையும் இழுத்துப் போட்டு நெருப்பு வெச்சிட்டோம். இனி உங்க காளானுக்கு ஒரு தொந்தரவும் இல்ல.”

அவருக்கு முகமெல்லாம் பெருமை. நிஷ்மியா திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் ஹவ்வா தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள்.

“இப்பவாவது சொல்லுங்க மிஸ். அது எதுல மொளைக்கும்? நாங்களும் பாத்துக்குவோம்ல.”

நிஷ்மியா கோப்பையை வாங்கவில்லை. புகைகிற குவியலைக் கையால் காட்டினாள்.

“அந்தக் கட்டையிலதான்,” என்றாள்.