மட்கார்டில் ரெண்டு தட்டு

அந்த மனுஷன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் வீட்டுக்குள் அவர் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினாலும் ஒரு தபால் அட்டை நிறையாது. சாப்பாடு நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார், இல்லாவிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். மனைவி அதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஆனால் டிராக்டரில் ஏறினால் பேசுவார். அதுவும் அவள் பின்னால் நின்றால் மட்டும்.

நாற்றுப்பண்ணைக்கு எருவும் மண்ணும் சுமக்க வாங்கிய குட்டி டிராக்டர் அது. முன்னால் மண் அள்ளுகிற பக்கெட். பக்கெட் நிறைந்து மேலே எழும்பினால் முன்பக்கம் கனத்து, பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். சரிவில் தூக்கினால் வண்டியே குடை சாயும். ஆகவே பின்னால் கனம் வேண்டும். கனத்துக்கு எங்கே போவது? அதான் பெண்டாட்டி இருக்கிறாளே! வாங்கிய முதல் வாரமே அவளைப் பின்னால் இருக்கிற இழுவைக் கம்பியில் ஏற்றி நிறுத்திவிட்டார். "பிடிச்சியா?" என்று கத்துவார். இஞ்சின் இரைச்சலில் பதில் சொன்னால் கேட்காது என்பதால் அவள் மட்கார்டில் உள்ளங்கையால் ரெண்டு தட்டுத் தட்டுவாள். அதற்கப்புறம்தான் பக்கெட் எழும்பும். பதினோரு வருஷமாக அதுதான் ஏற்பாடு.

பைத்தியக்காரத்தனம்தான், யார் இல்லை என்றது? ஆனால் முகம் பார்க்க வேண்டாம் என்பதாலோ என்னவோ, காலி பக்கெட்டோடு மெதுவாகத் திரும்பும்போதெல்லாம் அவர் மனசும் திறந்துகொள்ளும். அவருடைய அப்பா சாகிறவரைக்கும் அவரை ஒரு வார்த்தை மெச்சாதது, மகள் புருஷன் வீட்டுக்குப் போன அன்று இவர் பம்ப் ஷெட்டில் உட்கார்ந்து அழுதது, எல்லாம் அங்கே வைத்துச் சொன்னதுதான். புருஷனை அவள் தெரிந்துகொண்டது பிடரியைப் பார்த்துத்தான்.

போன மாசம் ஈர மண்ணில் சக்கரம் தூக்கி, அவள் பாத்திக்குள் போய் விழுந்தாள். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. விஷயம் தெரிந்த மகள் போனிலேயே ரெண்டு பேரையும் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். மறுவாரம், கனத்துக்காகப் பின்டயர்களில் தண்ணீர் ரொப்ப டயர்க்காரர் வந்து இறங்கினார்.

வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, பின்சக்கரத்தின் வால்வு உச்சிக்கு வரும்படி திருப்பி, காற்றை இறக்கிவிட்டுக் குழாயை மாட்டினார். முக்கால் டயருக்குத்தான் தண்ணீர், மிச்சம் காற்றுக்கு, முழுக்க ரொப்பினால் பாறைமேல் உட்கார்ந்து போகிற மாதிரி இடுப்பு போய்விடும் என்று விளக்கம் வேறு. இத்தனை நாள் பின்னால் என்ன கனம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்.

"அறுபத்து மூணு கிலோ," என்றார் அவள் புருஷன்.

அவளுக்குத் திக்கென்றது. ரெண்டு மாசத்துக்கு முன்னால் டாக்டர் அறையில் எடை பார்த்தபோது இவர் ஜன்னலுக்கு வெளியே அல்லவா பார்த்துக்கொண்டு நின்றார்?

டயர்க்காரர் சிரித்தார். ஒரு டயருக்குத் தொண்ணூற்றைந்து லிட்டர், ரெண்டுக்கும் நூற்றுத் தொண்ணூறு. "மூணு அக்கா ஏறின மாதிரி ஆச்சு. இனிமே நீங்க நிம்மதியா வீட்ல இருங்க."

தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்கள் என்பார்களே, இவளுக்கு நூற்றுத் தொண்ணூறு லிட்டர். அதுவும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது அவளேதான்.

அன்றிலிருந்து அவர் தனியாகப் போனார், தனியாக வந்தார், சாப்பிட்டார், படுத்தார். வீட்டில் கழுவின பாத்திரத்தையே அவள் மறுபடியும் கழுவினாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், வண்டி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஆடவில்லை என்றார், அதோடு சரி. தண்ணீர்மேல் பொறாமைப்பட்டவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வால்வைத் திருகிவிட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. தூ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் அவர் டிபன் டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அவள் எடுத்துக்கொண்டு போய்ப் பண்ணை வேலிக்கு வெளியே நின்றாள். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டி வேலிக்குப் பக்கத்திலேயே இருந்த எருக்குவியலில் முட்டியது, பக்கெட் நிறைந்தது. "பிடிச்சியா?" என்று கத்தினார்.

பின்னால் யாரும் இல்லை. பக்கெட்டும் எழும்பவில்லை. இஞ்சின் இரைந்துகொண்டே இருந்தது, அவர் காத்துக்கொண்டிருந்தார். பிறகு கழுத்தைத் திருப்பாமல் இடது கையைப் பின்னால் நீட்டி, மட்கார்டில் தானே ரெண்டு தட்டுத் தட்டினார். பக்கெட் எழும்பியது. பின்சக்கரம் இம்மிகூட அசையவில்லை.

இந்த மனுஷனும் ஒன்பது நாளாகத் தனியாகத்தான் இருந்திருக்கிறார்.

எருவைப் பாத்தியில் கொட்டிவிட்டு வண்டி குவியலுக்குத் திரும்பியது. மறுபடியும் "பிடிச்சியா?" கை பின்னால் கிளம்பியது. அவள் டப்பா மூடியில் ஓங்கி ரெண்டு தட்டுத் தட்டினாள்.

கை பாதியில் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கை மெதுவாக ஸ்டியரிங்குக்குப் போனது, பக்கெட் எழும்பியது. கொட்டிவிட்டுக் காலி பக்கெட்டோடு திரும்பும்போது வண்டியை வேலியோரமாக விட்டு, வேகத்தைக் குறைத்து, நேரே முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒம்போது நாளா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்."

வேலிக்கு இந்தப் பக்கம் அவள் வண்டியோடு கூடவே நடந்தாள்.