கல்லாகக் காய்ந்த செம்பருத்தி

என் தங்கை பானுமதி சேந்தமங்கலத்துத் தேவராஜைக் கட்டிக்கொண்டு மலையிறங்கி மூன்று வருடம் ஆகிறது. மலைக்காரி மருமகளாக வந்ததை அவள் மாமியார் பழனாயி இன்னும் செரித்துக்கொள்ளவில்லை. அவளை ஒருநாளும் எங்கள் வீட்டுக்கு அனுப்பியதில்லை, நாங்களும் அந்த வாசலை மிதித்ததில்லை. போன வாரம் பானு போனில் அழுதாள்.

"அக்கா, பையனுக்கு மொதப் பொறந்தநாளு. உங்கக்கா செம்மேட்டுல கேக்கு போடறாளாமா, கொண்டாரச் சொல்லுன்னு எங்கத்தையே சொன்னாங்க. இது நல்லபடியா நடந்துட்டா என்னைய ஊட்டுக்கு அனுப்புவாங்கக்கா. கெடுத்துப்போடாத."

கெடுத்துப்போடாதே என்று சொன்ன அன்றே சர்க்கரை மாவைப் பிசைய உட்கார்ந்துவிட்டேன்.

கேக்கின் மேல் ஐந்து செம்பருத்தி வைப்பதாகத் திட்டம். நாமக்கல்லில் நான் பழகியது ஃபாண்டன்ட். மெத்தென்ற சர்க்கரை மாவு, வாயில் போட்டால் கரையும். கீழ்நாட்டு வெயிலுக்கு அது சரி. ஐப்பசியில் கதவிடுக்கு வழியாக மேகம் வீட்டுக்குள் நுழைகிற எங்கள் ஊரில், விடிந்து பார்த்தால் ஐந்து பூவும் நனைந்த துணி மாதிரி படுத்துக் கிடந்தன. மறுபடி செய்து ஃபிரிட்ஜில் வைத்தேன். வெளியே எடுத்ததும் வியர்த்து வழிந்தன. முட்டாள்தனம், முழு முட்டாள்தனம். இரண்டு நாள் போயே போய்விட்டது.

மூன்றாம் நாள் கம் பேஸ்டுக்கு மாறினேன். பசைப்பொடி சேர்த்த சர்க்கரை மாவு, காய்ந்தால் ஓடு மாதிரி நிற்கும். அதுவும் பனியில் காய மறுத்தது. இதழ்களை மெல்லிய கம்பியில் செருகி, மழைநாளில் மிளகு உலர்த்த அடுப்புக்கு மேலே கட்டியிருக்கும் தட்டில் அடுக்கினேன். என் வீட்டுக்காரர் கருப்பண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஏம்புள்ள, மொளகு காயற எடத்துல பூவு காயுது. மொளக எங்க, என் தலையிலயா காயப்போடறது?"

"தள்ளிப் போங்க!" என்று கத்தினேன். எனக்கு அழுகைதான் வந்தது.

கடைசியில் காய்ந்தன. தட்டை உலுக்கிப் பார்த்தேன், ஓர் இதழ்கூட அசையவில்லை. பிறந்தநாளன்று முதல் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கினேன். வழியில் நான் கும்பிடாத சாமியில்லை.

"வா கண்ணு" என்றார் பழனாயி. கண்ணு என்றார்! பானு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கேக்கைத் திறந்ததும் கூட்டம் கூடிவிட்டது.

"நெசப் பூவாட்டமே இருக்குதுங்க!"

உள்ளே கம்பி இருக்கிறது, பூவைத் தின்னக் கூடாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் குறையாக நினைப்பார்களோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். வெட்டும்போது நைசாக எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

பழனாயி வெட்டும்வரை காத்திருக்கவில்லை. பேரனை இடுப்பில் வைத்தபடி, "மொத இனிப்பு அப்பத்தா கையில" என்று ஓர் இதழைப் பிடுங்கினார். அது கம்பியோடு வந்தது. நாலு பல் முளைத்த வாயைக் குழந்தை ஆவென்று திறந்தது.

"ஐயோ, குடுக்காதீங்க!"

பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டேன். தட்டியது அடியாகவே விழுந்துவிட்டது. இதழ் எங்கோ தெறித்தது. அவருடைய கண்ணாடி வளையல் இரண்டு உடைந்து தரையில் சிதறின. பக்கத்து நாற்காலியில் அவர் கணவர் அர்த்தநாரி உட்கார்ந்திருந்தார்.

"உள்ள கம்பிங்க... தொண்டையில குத்திப்போடுமுங்க..." என்று என்னென்னவோ உளறினேன். யார் காதிலும் ஏறவில்லை. நல்ல நாளில் சுமங்கலியின் வளையல் உடைந்து கிடந்தது, எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். பானு கீழே உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பழனாயி பேரனைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு என்னிடம் மிக மரியாதையாகக் கேட்டார்:

"ஏனுங்க, மலைக்குப் போற பஸ்ஸு எத்தன மணிக்குங்க?"

அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. கேக்கை இன்னும் வெட்டவே இல்லை.