இடது முன் சக்கரம்

...கீச் என்று சொன்னால் கதவு மாதிரி ஆகிவிடுகிறது, கிர்ர் என்றால் மிக்ஸி மாதிரி, இரண்டும் இல்லை, ஊசியால் கண்ணாடியைக் கீறுவது போல, மெல்லிசாக, நீளமாக, வண்டி மெதுவாகப் போகும்போது மட்டும் வரும், பிரேக்கை மிதித்தால் ஒன்றும் தெரியாத பிள்ளை போல அடங்கிவிடும்... ஆனாலும் அதை வாயால் செய்து காட்டியிருக்க வேண்டாம். ஐம்பதை நெருங்குகிற ஒருத்தி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சர்வீஸ் சென்டர் கவுன்டரில் நின்று உதட்டைக் குவித்து 'ஸ்ஸீ...' என்று இழுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பின்னால் நின்றவர் இரண்டடி விலகிப் போனார், காஸ் கசிகிறது என்று நினைத்தாரோ என்னவோ. சர்வீஸ் அட்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று பயிற்சி கொடுத்திருப்பார்கள். கழுத்தில் டை, டையின் நுனியில் கிரீஸ் பொட்டு, தலையை ஆட்டி ஆட்டி முழுவதையும் கேட்டுவிட்டு கம்ப்யூட்டரில் அவர் தட்டியது ஒரே ஒரு வார்த்தை, 'சத்தம்'. அவ்வளவுதானா? எந்தப் பக்கம் என்று போடமாட்டீர்களா என்று இவள்தான் கேட்டாள். நீங்களே சொல்லுங்க மேடம் என்றார். இடது முன் சக்கரம், சந்தேகமே வேண்டாம், காது பார்க்கிற வேலைதான் எனக்கு, திசை தெரியாதா என்றாள், கொஞ்சம் கம்பீரமாகவே. அந்தக் கம்பீரம் தேவைதானா, இப்போது யோசித்தால் கூசுகிறது...

உட்கார வைத்திருக்கிறார்கள். வாசலில் 'விருந்தினர் ஓய்வகம்' என்று பொன்னெழுத்து, உள்ளே வந்தவர்களில் ஒருவர்கூட ஓய்வாக இல்லை, எல்லோரும் நாற்காலி நுனியில். மூலையில் ஒரு காபி மெஷின், விமானம் கிளம்புகிற முழக்கம் போட்டுவிட்டுக் கால் கப் காபியைத் துப்புகிறது. சுவரில் டிவி, அதில் ஒரு கார் பனிமலையில் ஏறிக்கொண்டே இருக்கிறது. இங்கே இருக்கிற எவர் காரும் மலையைக் கண்டதில்லை, ஆபீஸ், பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, மருந்துக் கடை, மிஞ்சினால் கல்யாண மண்டபம். எதிரே கண்ணாடிச் சுவர், அதன் வழியே அவரவர் வண்டிக்கு நடப்பதைப் பார்த்துக்கொள்ளலாம், ஒளிவுமறைவு இல்லை என்று காட்டுவதற்காம். அவளுடைய வண்டியை லிஃப்டில் ஏற்றியிருந்தார்கள், சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, அடிவயிறு தெரிய... தெரிந்த ஒருவரை டாக்டர் அறையில் தவறிப்போய்ப் பார்த்துவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், தாகம் இல்லை, மறுபடி உட்கார்ந்தாள். மெக்கானிக் டார்ச்சோடு குனிகிறார், எந்தச் சக்கரம், இங்கிருந்து தெரியவில்லை. கிடைத்துவிட வேண்டும், ஏதாவது ஒன்று கிடைத்துவிட வேண்டும். தேய்ந்தது, உடைந்தது, விரிசல் விட்டது, எதுவானாலும் சரி, தன் காரில் கோளாறு இருக்க வேண்டும் என்று இப்படி உருகி வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் இந்த ஓய்வகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது.

எல்லாம் அவள் கணவர் சொன்ன ஒரு வார்த்தையால் வந்த வினை. அவர் ஒரு பெரிய கம்பெனியில் பயிற்சித் துறைத் தலைவர், 'செவிமடுத்தல் ஒரு தலைமைப் பண்பு' என்று கிளை கிளையாகப் போய் வகுப்பெடுக்கிறவர். முதல் படத்தில் திரை நிறைய ஒரு காது வரும், அதற்குக் கீழே அவர் பெயர். வகுப்பைப் பதிவு செய்து வந்து காரில் போட்டுக் கேட்பார், எங்கே குரலை இன்னும் ஏற்றலாம் என்று பார்ப்பதற்கு. பக்கத்தில் இவள் ஓட்டிக்கொண்டு... ஸ்பீக்கரில் அவர், சீட்டில் அவர், நடுவில் அந்த ஊசிச் சத்தம். என்னங்க, ஏதோ சத்தம் வருதே என்றாள். ம் என்றார். இன்னொரு நாள் சொன்னாள், அதற்கும் ம். மூன்றாம் தடவை அவருடைய குரலை அவளே கையால் அணைத்துவிட்டு, இப்போ கேளுங்க என்றாள். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, வகுப்பில் செய்து காட்டுவாரே அதே மாதிரி ஒரு பாவனை. பிறகு கண்ணைத் திறந்து, ரொம்பவும் அன்பாக, அதுதான் தாங்கவில்லை, ரொம்பவும் அன்பாகச் சொன்னார்:

"அது கார்ல இல்லம்மா."

அன்று இரவு தூங்கினாளா? படுத்தாள். மற்றவர்களுக்கு அது ஒரு பேச்சு, சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். அவளுக்கு அப்படியா? ஆஸ்பத்திரியில் செவித்திறன் சோதிக்கிற அறை அவளுடையது, இத்தனை வருஷமாக. சத்தம் புகாத சின்னக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறவள் அவள்தான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள், பக்கத்து வீட்டு மோட்டார் ராத்திரியெல்லாம் ஓடுகிறது என்று சண்டைக்குப் போனவர்கள், ஃப்ரிட்ஜ் இரைகிறது என்று அதை விற்றுவிட்டு அப்புறம் வீட்டையும் மாற்றிய ஒரு ரிடையர்டு தாசில்தார், புது வீட்டுக்குச் சாமான்களோடு சத்தமும் குடிவந்துவிட்டது. அவருக்கு இவள்தான் பக்குவமாக எடுத்துச் சொன்னாள், சார், அது வெளியில இல்ல சார், உங்க காதுக்குள்ளயே... அன்பாகத்தான் சொன்னாள். அவர் முகம் எப்படிச் சுருங்கியது, அப்போது ஏன் அதைச் சரியாகப் பார்க்கவில்லை? தினமும் காலையில் முதல் நோயாளி வருமுன் அந்த ஹெட்ஃபோனை இவளே மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சத்தமாகக் கேட்டு, மெஷின் சரி என்று சொல்ல வேண்டும். மெஷினுக்கு அளவுகோல் அவள் காது. அவள் காதுக்கு? பெரிய டாக்டர் வெளியாட்கள் வந்தால் போதும், தோளில் தட்டாத குறையாக, நம்ம டிபார்ட்மென்டோட காதே இவங்கதான் என்பார், அவர் காதில் எதுவும் ஏறாது என்பது வேறு விஷயம். அந்தக் காதுக்குள் இல்லாத சத்தம் கேட்கிறது என்று தெரிந்தால் அதே வாயால், நீங்க கொஞ்ச நாள் டோக்கன் கவுன்டர்ல உக்காருங்களேன் என்பார். டோக்கன் கவுன்டர்... கண்ணாடித் துளை வழியே பெயர் கேட்டு, வயசு கேட்டு... கூண்டுக்குள் தானே போய் உட்கார்ந்து பார்த்துவிடலாம்தான், ஆனால் சத்தம் எப்போது வரும் என்று தெரிந்துகொண்டு பட்டனை அழுத்துவது சோதனையா? ஜூனியரிடம் சொல்லலாம். சொன்னால் அக்கா அக்கா என்று உருகிக்கொண்டே சோதிப்பாள், சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிடும், அவள் கண் இந்த நாற்காலி மேல்தான். அதனால்தான் கார். காரில் சத்தம் இருக்கிறது என்று கழுத்தில் டை கட்டிய ஒருவர் சொல்லிவிட்டால் போதும், யாரும் எதையும் சோதிக்க வேண்டியதில்லை.

அதற்குத்தான் வண்டியை உள்ளே விடுமுன் அட்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டினாள். பின்தெரு, வேகத்தடை, திருப்பம், ஏசியை அணைத்தாயிற்று, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டாள். வரவில்லை. வீட்டில் கூச்சல் போடுகிற குழந்தை டாக்டர் எதிரே வாயைத் திறக்காதே, அந்த மாதிரி. பள்ளிக்கூடச் சுவரோரம் திரும்பும்போது வந்தது, லேசாக, இடது பக்கமிருந்து, இதோ. "ஆமா மேடம், கேக்குது கேக்குது," என்றார் அவர். அப்பாடா என்று இருந்தது, ஒரு விளக்குக் கம்பம் தாண்டுகிற வரைக்கும். ஏனென்றால் அவர் சாலையைப் பார்க்கவில்லை, இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பார்வை அவளுக்குத் தெரியாததா? கூண்டுக்குள் இருப்பவர்கள் செய்கிற வேலையல்லவா இது. காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுகிறவர்கள் கண்ணாடி வழியே சோதிக்கிறவரின் புருவத்தையும் முழங்கையையும் பார்த்துப் பார்த்துச் சரியாகப் பட்டனை அழுத்துவார்கள், அதனால்தான் அவளுடைய நாற்காலியையே பக்கவாட்டில் திருப்பிப் போட்டிருக்கிறாள். அடுத்த திருப்பத்தில், ஒரு சத்தமும் இல்லாதபோது, வேண்டுமென்றே புருவத்தைத் தூக்கி உதட்டைச் சுழித்தாள். "இதோ, மறுபடியும் மேடம். நல்லாவே கேக்குது." பாவம், எவ்வளவு மரியாதையான மனுஷன், வாடிக்கையாளருக்குக் கேட்பதெல்லாம் கேட்கிற காது. இருந்த ஒரே சாட்சியும் போயிற்று. முதலில் வந்ததே, அதுவாவது வந்ததா?

கண்ணாடிக் கதவு திறந்தது. அவர்தான். முகத்தில் அந்தப் பயிற்சி கொடுத்த அமைதி. இடது முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டார்களாம், பிரேக் பேடில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறதாம், டிஸ்க் வழவழவென்று இருக்கிறதாம், பேரிங் சுற்றிப் பார்த்தாயிற்றாம், ஒன்றுமே இல்லை, சந்தோஷமா மேடம் என்கிற மாதிரி நிறுத்தினார். இன்னொரு தடவை பார்க்கச் சொல்லட்டுமா? எதைச் சொல்லி? இந்த ஆளிடம் இன்னும் அழுத்திக் கேட்டால் ஒரு புதுப் பேடை மாட்டிவிட்டு சத்தம் போயிடுச்சு மேடம் என்பார், வண்டியில் இருக்கிற சத்தம் அப்படிப் போகும், காதில் இருக்கிற சத்தம்... ஜெனரல் சர்வீஸ் இன்னும் முடியவில்லை, மற்ற மூன்று சக்கரங்களையும் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, ஆயில் மாற்றிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று போனார். செய்யுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். நாளைக் காலை போய் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டி, மெஷின் சரி என்று எந்த வாயால் சொல்வது? தாசில்தாருக்கு என்ன சொன்னோம், மனசை வேறு பக்கம் திருப்புங்கள், ஃபேனை ஓடவிட்டுப் படுங்கள், பழகிவிடும்... எவ்வளவு சுலபமாகச் சொன்னோம். டிவியில் கார் உச்சிக்குப் போய்விட்டது, அங்கே ஒன்றுமில்லை, பனிதான், மறுபடி அடிவாரத்திலிருந்து ஏறியது. பக்கத்தில் இருந்தவர் போனில் யாரிடமோ, பம்பரை மாத்தணும்கறான், கேட்டா பாதுகாப்புங்கறான், எனக்கு இவன்கிட்டயிருந்துதான் பாதுகாப்பு வேணும் என்று புலம்பினார். கொடுத்துவைத்தவர், கண்ணுக்குத் தெரிகிற பம்பர்.

மறுபடியும் கதவு. இந்தத் தடவை அட்வைசர் அரை ஓட்டமாக வந்தார், பின்னால் மெக்கானிக், அவர் கையில் ஒரு துணிக் கந்தலில் சுற்றிய தகடு. பேட் தேய்ந்து காகிதம் போல இருந்தது, அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த சின்ன இரும்பு நாக்கு பளபளவென்று. தேய்ந்து முடிந்தால் டிஸ்கில் உரசிக் கத்தட்டும் என்றே அதை வைத்திருப்பார்களாம். பேட் நகர்கிற இரும்பு ஊசி ஒன்று இறுகிப்போய் இந்த ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது, நல்ல வேளை இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் டிஸ்கே போயிருக்கும் என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். அவளுக்கு அந்த அழுக்குத் தகட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. சத்தம் நிஜம். நிஜம்! அந்தக் கணத்தில் டோக்கன் கவுன்டர், ஜூனியர், பெரிய டாக்டர், திரை நிறையக் காது, எல்லாமே தூசி. கை போனைத் தேடியது, இப்போதே, வகுப்பு நடுவில் என்றாலும் சரி, அவர் இதைச் செவிமடுத்தே ஆக வேண்டும். மணி அடிக்கத் தொடங்கியபோதுதான் அட்வைசர், கூடுதல் மரியாதைக்காக, இன்னொன்றையும் சொல்லிவைத்தார்.

"நீங்க லெஃப்ட்னு சொன்னீங்களா, அதான் லேட்டாயிடுச்சு மேடம். இது ரைட் சைடு. நீங்க உக்காந்து ஓட்டற பக்கம், உங்க காதுக்குக் கீழயே கத்தியிருக்கும்."

ரைட். வலது. தலையாட்டினாள், அப்படியா என்றுகூடச் சொன்னாள் என்று நினைக்கிறாள். வலது பக்கத்துச் சத்தம் இடது பக்கத்திலிருந்து எப்படி... எப்படியா? ஒரு காது மந்தமாகிவிட்டால் எந்தப் பக்கத்துச் சத்தமும் நல்ல காதின் பக்கமிருந்து வருவதாகத்தான் படும், வாரம் தவறாமல் யாராவது ஒரு மருமகளுக்கோ மகனுக்கோ இவள் சொல்கிற பாடம்தானே இது. இல்லாத சத்தம் கேட்கிறதோ என்று அல்லவா பயந்துகொண்டிருந்தோம், இருக்கிற சத்தம் பாதிதான் கேட்கிறது என்றால்... இல்லை, சாலைச் சுவரில் பட்டு எதிரொலித்திருக்கும், காருக்குள் ஒலி எப்படியும் திரியும். அப்படியென்றால் போன மாதம்? காலையில் மாட்டிப் பார்த்தபோது ஹெட்ஃபோனின் வலது பக்கம் மங்கலாக இருக்கிறது என்று அவள்தான் ரிப்பேருக்கு அனுப்பினாள், ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், காது கேக்காதவனுங்கள எல்லாம் வேலைக்கு வச்சிருக்கான் என்று திட்டி மறுபடியும் அனுப்பினாள்... "ஹலோ, என்னம்மா, வண்டில ஏதாவது இருந்துச்சா இல்லையா?" அவர் குரல், பின்னால் நாற்காலிகள் நகர்கிற ஓசை, இடைவேளை போல. இருந்துச்சு என்றாள். நான்தான் சொன்னேனே, பார்த்துடறது நல்லதுன்னு என்றார் அவர். வாரக்கணக்காகச் சேர்த்துவைத்திருந்த வாக்கியங்களை விட்டுவிட்டு வேறு ஒன்றுதான் கேட்டாள்.

"விளையாடாம சொல்லுங்க. வீட்ல நீங்க பின்னால நின்னு கூப்பிட்டா நான் எந்தப் பக்கமா திரும்பறேன்?"

"நீ எங்கம்மா திரும்பற," என்றார். "திரும்பி ரொம்ப நாளாச்சு."

சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவையில் தானே சிரித்தார், பழக்கதோஷத்தில் இவளும் சிரித்தாள். வாஸ்தவம்தான், அவர் கண்ணாடி எங்கே, சார்ஜர் எங்கே என்று அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவார், இவள் காதில் விழுந்தும் விழாதது போலப் பாத்திரத்தை அலம்பிக்கொண்டிருப்பாள், எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே சுதந்திரம் அது, அதில் உள்ளூர ஒரு கர்வமும் உண்டு... கண்ணாடிக்கு அப்பால் லிஃப்ட் மெதுவாக இறங்கியது, சக்கரங்கள் தரையைத் தொட்டன, அவள் ஒவ்வொரு தடவையாக நினைவுபடுத்திப் பார்த்தாள், நேற்று, முந்தாநாள், போன வாரம், இதில் எதெல்லாம் வேண்டுமென்றே கேட்காமல் இருந்தது, எதெல்லாம்...