அது அவனுக்குத்தான் பாடும்

கஞ்சிக் கரண்டி உதட்டருகே வந்ததும் துரைசாமி வாயை இறுக்கி மூடிக்கொண்டான். அமிர்தவள்ளி அதை அப்படியே கிண்ணத்தில் போட்டாள். புருஷனின் இந்த வாயைத் திறக்கவைக்க இருபது வருஷமாகப் பாடுபட்டு அவள் கண்டது ஒன்றுமில்லை.

"கஞ்சி வேணாம்னா போ. அந்தக் குருவிய எப்டி பாட வெக்கிறன்னு மட்டும் சொல்லிடுய்யா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது.

தோல் பதனிடப் பட்டை உரிக்க ஜவ்வாது மலைக்குப் போனவன், ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குருவியைப் பிடித்து வந்தான். மலையுச்சிக் காட்டில், அருவிப் பாறை இடுக்கில் கூடு கட்டுகிற ஜாதி அது. கரிய உடம்பு, நெற்றியிலும் தோளிலும் நீலம் மின்னும். முதல் மாதம் கூண்டில் வாயே திறக்கவில்லை. அப்புறம் ஒரு விடியலில், வேலைவெட்டி இல்லாதவன் பாட்டை மறந்துபோய்ச் சீட்டியடிப்பதுபோல் பாடியது பாருங்கள்! தொழுகைக்கு எழுந்த தோல்ஷாப்பு முதலாளி அப்துல் வஹீத் சாயபு அதைக் கேட்டுச் சொக்கிப்போனார். குருவியை வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும், ஷாப்புக்குப் பின்னால் ஓர் அறையையும் துரைசாமிக்கே கொடுத்தார்.

அன்று பிடித்தது அவனுக்குக் கிறுக்கு. கூண்டைக் கொல்லையில் ஓலைத் தட்டிக்குள் தொங்கவிட்டான். விடியலில் தட்டியைச் சாத்திக்கொள்வான்; யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. "அது எனக்குத்தான் பாடும்" என்பான். அவள் பாலாற்று ஊற்றிலிருந்து சுமந்து வந்த இரண்டு குடம் தண்ணீரும் தினம் அங்கேயே தீர்ந்துபோகும். கேட்டால், குளித்தேன் என்பான். தலைமுடி காய்ந்து கிடக்கும், நாற்றமும் அப்படியே இருக்கும். அதற்காக எத்தனை சண்டை!

அவன் படுத்துப் பதினோரு நாளாயிற்று. குருவியும் பாடவில்லை. நண்டும் புழுவும் போட்டால் தின்னும், அவ்வளவுதான். நேற்று ஷாப்பு மேஸ்திரி ரஷீத் அஹமது வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வெள்ளிக்கெழமைக்குள்ள பாடலன்னா மொதலாளி வேற ஆள வெக்கப் போறாரும்மா. ரூமும் அவனுக்குத்தான். நான் இன்னா பண்றது?"

பிள்ளையில்லாதவள் எங்கே போவாள்?

"நீ போய்ட்டா நான் தெருவுலதான்யா நிக்கணும். சொல்லு."

துரைசாமி கண்ணைத் திறந்தான். "சொல்லிட்டா... அப்புறம் எனக்கின்னா மரியாத?"

"சாவப்போற எடத்துல இன்னாய்யா மரியாத!"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பொழுது சாய்வதற்குள் உயிர் போயிற்று. அமிர்தவள்ளிக்கு அழுகை வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

மறுநாள் காலை குளிப்பாட்ட எடுத்தார்கள். கொல்லையில் மறைவு என்று இருந்தது அந்தத் தட்டி ஒன்றுதான். கூண்டுக்குக் கீழே, அவன் குளிப்பதாகச் சொன்ன கல்லோரம், பெஞ்சில் கிடத்தினார்கள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராய் அவன் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டியவள் அவள். குடத்தை உயர்த்திச் சாய்த்தாள். தண்ணீர் நெஞ்சில் விழுந்து, கல்லில் சலசலவென்று கொட்டியது.

குருவி தலையைத் தூக்கியது. பாடியது.

"பாருங்கடி, வளத்தவனுக்கு அழுவுது!" என்று பக்கத்து வீட்டு முனியம்மா மாரில் அடித்துக்கொண்டாள்.

அமிர்தவள்ளி குடத்தை நிமிர்த்தினாள். சீட்டி நின்றது. மறுபடி சாய்த்தாள். மறுபடி பாடியது.

அடப்பாவி! அருவிச் சத்தம் கேட்டால் பாடும், இவ்வளவுதானா? ஏழு வருஷமும் அவள் இடுப்பொடியச் சுமந்த தண்ணீரில்தானே அதற்கு அருவி காட்டினான்! அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

தட்டிக்கு வெளியே ரஷீத் அஹமது மூச்சுவாங்க வந்து நின்றார். "யம்மா, பாட்டு மொதலாளி வூடு வரைக்கும் கேட்டுச்சு. ஒனக்கும் பாடுதா? எப்டிம்மா?"

அவள் புருஷனின் மூடிய வாயைப் பார்த்தாள்.

"அது எனக்குத்தான் பாடும்."

மிச்சத் தண்ணீரை அவள் கல்லின்மேல், மெதுவாக, நூல்போல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். குருவி விடாமல் பாடியது. துரைசாமியின் தலையில் அப்பிய சீயக்காய் காய்ந்துகொண்டிருந்தது.