கேட்டு நடந்த பாதை

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. அருப்புக்கோட்டையில் வக்கீலாக இருக்கும் என் நண்பன் நவநீதகிருஷ்ணன், வக்கீல் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றான். தலைப்பையும் அவனே கொடுத்தான்: இளம் வழக்கறிஞர்கள் கட்சிக்காரர்களைப் பெறுவது எப்படி.

"நான் வக்கீல் இல்லையே" என்றேன்.

"அதனாலதான் உங்கிட்ட கேக்கேன். வக்கீலுக எழுதுனா ஒருத்தரும் படிக்க மாட்டாக. எங்க தொழில்ல விளம்பரம் பண்ணக் கூடாது, நோட்டீஸ் அடிக்கக் கூடாது, வாசல் போர்டு கூட பெருசா வைக்கக் கூடாது. பெறவு எப்படி ஆளு வரும்? மனுசப் பழக்கத்துலதான் வரும். அதை எழுது."

எழுத உட்கார்ந்தேன்.

[வழக்கறிஞர் தொழிலில் நல்லுறவு என்பது ஒரு முதலீடு. அதைத் திட்டமிட்டு]

இதற்கு மேல் போகவில்லை. 'முதலீடு' என்ற சொல் இடித்தது. ஒரு காதுகுத்து வீட்டுக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, குழந்தையின் அழுகை நிற்கும்வரை தூக்கி வைத்திருந்துவிட்டுத் திரும்பும் ஒரு பெண் என் கண்ணில் தெரிந்தாள். அவளை அந்தச் சொல்லுக்குள் அடைக்க முடியவில்லை. கட்டுரையை மடித்து வைத்துவிட்டு அவள் பின்னால் போனேன்.

2

அவள் பெயர் பானுப்பிரியா. பாளையம்பட்டிக்காரி. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். அப்பா விசைத்தறி வைத்திருக்கிறார்.

[முதல் வரைவில் அவளை வறுமையில் வைத்திருந்தேன். இரக்கம் சுலபமாகக் கிடைக்கும் என்று. அடித்துவிட்டேன்.]

அவளுக்குக் குறை சோற்றில் இல்லை. அவள் குடும்பத்தில் அவளுக்கு முன் யாரும் கறுப்புக் கோட்டுப் போட்டதில்லை, அதுதான் குறை. அப்பா வக்கீலாக இருந்தவர்களுக்கு அப்பாவின் கட்சிக்காரர்கள் வந்தார்கள். இவளுடைய ஆபீஸ் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து உட்காருவாள். பெரும்பாலும் அது மொட்டை மாடியில் துணி காயப்போடப் போகும் வீட்டுக்காரம்மாவாக இருக்கும்.

அதனால் இவள் போனாள். கல்யாணம், சடங்கு, புதுவீடு, சாவு வீட்டுத் துஷ்டி எதையும் விடவில்லை. போன இடத்தில் தன் தொழிலைப் பற்றிப் பேசமாட்டாள். ஆனால் யார் மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை, யாருக்கு முழங்கால் ஆபரேஷன் என்பதெல்லாம் அடுத்த தடவை பார்க்கும்போது நினைவிலிருந்து கேட்பாள்.

இது தந்திரமா, சுபாவமா?*

* நவநீதகிருஷ்ணனிடம் கேட்டேன். "ரெண்டும் எப்ப எங்க பிரியுதுன்னு எனக்கே தெரியாது. பதினஞ்சு வருசமா ஒருத்தர் வீட்டு விசேசத்துக்குப் போய்க்கிட்டிருக்கேன். இன்னைக்கு வரை ஒரு கேஸும் அவரு தந்ததில்ல. போகலைன்னா எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கு" என்றான். அந்தப் பதிலை அப்படியே பானுப்பிரியாவுக்கும் கொடுத்துவிடுகிறேன்.

3

நரிக்குடியில் ஒரு நிச்சயதார்த்தம் முடிந்து மத்தியானப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் முத்துலட்சுமி. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஆடு மேய்க்கிறவள்.

"கழுத்துப்பட்டையைப் பார்த்தேன். நீ வக்கீலா தாயி?"

பையிலிருந்து வெள்ளைப் பட்டை நீட்டிக்கொண்டிருந்ததைப் பானுப்பிரியா உள்ளே தள்ளினாள். "ஆமாக்கா."

முத்துலட்சுமியின் ஆடுகள் கண்மாய்க்குத் தண்ணீர் குடிக்கப் போகும் பாதை இன்னொருவர் பட்டாவில் இருக்கும் ஒரு புன்செய்க் காட்டின் வழியாகப் போகிறது. அவள் கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து அதுதான் பாதை. இப்போது காட்டைக் காரியாபட்டிப் பக்கத்து ஆள் யாரோ வாங்கிவிட்டார்கள். கம்பி வேலிக்குக் கல் ஊன்றுகிறார்கள். சுற்றிப் போனால் தார் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஆடுகளை ஓட்ட வேண்டும். ஏற்கெனவே ஒரு சினையாடு அடிபட்டுச் செத்துவிட்டது.

"சட்டத்துல நமக்கு வழி இருக்கா தாயி?"

"எத்தனை வருசமா நடக்கீங்க?"

"முப்பது வருசம் இருக்கும். எங்க வீட்டாளு இருந்த வரைக்கும் வருசா வருசம் பொங்கலுக்கு ஒரு பரங்கிக்காயைத் தூக்கிக்கிட்டு அந்தக் காட்டுக்காரர் வீட்டுக்குப் போவாரு. 'இந்த வருசமும் நடந்துக்கிறோம்யா'ன்னு கேட்டுட்டு வருவாரு. ஒரு வருசம் கேக்காம நடந்தது கிடையாது."

முத்துலட்சுமி அதைப் பெருமையாகச் சொன்னாள். பானுப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீண்ட காலம் ஒரு பாதையில் உரிமையாக, யாரையும் கேட்காமல் நடந்தவருக்குச் சட்டம் துணை நிற்கும். கேட்டு நடந்தவருக்கு நிற்காது. கேட்டு நடந்தால் அது உரிமையில்லை, தயவு. தயவை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். அந்த மனிதரின் மரியாதையே வழக்கைக் கெடுத்துவிட்டிருந்தது.

[இந்த இடத்தில் மரியாதையைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பஸ் திருச்சுழிக்கு வந்துவிட்டது, முத்துலட்சுமி இறங்க வேண்டும்.]

"இந்தப் பரங்கிக்காய் விசயத்தை வேற யாருகிட்டயும் சொல்லாதீங்கக்கா. நோட்டீஸ் ஏதும் வந்தா எங்கிட்ட வாங்க" என்று தன் நம்பரைக் கொடுத்தாள். வழியில் பார்த்த ஒருவருக்கு அவள் நம்பர் கொடுத்தது அதுவே முதல் தடவை.

4

இனி சங்கரபாண்டியன். காரியாபட்டியில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பவர். அவரைக் கெட்டவராக எழுதினால் கதை சீக்கிரம் முடியும். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. அவருடைய லாரி ஒருமுறை விபத்தில் மாட்டியபோது, பானுப்பிரியா டிரைவருடன் போலீஸ் ஸ்டேஷனில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். டிரைவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாள். அந்தச் சாப்பாட்டை அவர் மறக்கவில்லை.

ஒரு காலையில் அவரே படியேறி வந்தார்.

"வக்கீலம்மா, இனிமே மண்டி சம்பந்தமா எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கிடுங்க. அக்ரிமெண்டு, பத்திரம், கேஸு எதுவா இருந்தாலும். தம்பி மண்டி வேலையும் உங்களுக்குத்தான்."

பானுப்பிரியா கீழே போன் போட்டு டீ சொன்னாள். இத்தனை வருடம் போய் வந்த வாசல்களில் ஒன்று திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்திருந்தது.

"மொத வேலை இதான். திருச்சுழிப் பக்கம் ஒரு காடு வாங்கிருக்கேன். முருங்கை வச்சேன். ஆட்டுக்காரம்மா ஒருத்தி குறுக்க ஓட்டிக்கிட்டுப் போயி கன்னையெல்லாம்"

"அண்ணாச்சி, அதுக்கு மேல சொல்லாதீங்க."

அவர் நிறுத்தினார்.

"அந்தப் பக்கத்து ஆளு ஏற்கெனவே எங்கிட்ட பேசிருக்காக. இந்த விசயத்துல நான் உங்களுக்கு நிக்க முடியாது."

"வக்காலத்துல கையெழுத்துப் போட்டிருக்காளா?"

"இல்ல."

"ஆபீஸுக்கு வந்தாளா?"

"பஸ்ஸுல பேசுனாக."

சங்கரபாண்டியன் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "பஸ்ஸுல ஆயிரம் பேரு பேசுவாங்க வக்கீலம்மா. அப்படி என்ன சொன்னா?"

"அதைச் சொல்லிட்டேன்னா நாளைக்கு நீங்க சொல்றதையும் சொல்லுவேன்ல அண்ணாச்சி."

அவர் கோபப்பட்டிருக்கலாம். [ஒரு வரைவில் மேசையைத் தட்டினார்.] "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். வந்த டீயைக் குடித்து முடித்துவிட்டே போனார். முழுவதும் குடித்தார் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. படி இறங்கும் சத்தம் நின்ற பிறகு, கதவைச் சாத்திவிட்டு அழுதாள்.

5

இங்கே ஒரு முடிவு தயாராக இருக்கிறது. சங்கரபாண்டியன் மறுநாளே திரும்பி வருகிறார். 'ரகசியம் காக்கிற வக்கீல்தான் எனக்கு வேணும்' என்கிறார். மண்டித் தெரு முழுவதும் அவள் பின்னால் வருகிறது. ஆண்டு மலருக்கு அது பொருந்தும். நவநீதகிருஷ்ணனிடம் படித்துக் காட்டினேன்.

"நடக்காதா?" என்றேன்.

"நடக்கும். ஆனா அது நடக்கும்னு நெனச்சு அவ முடியாதுன்னு சொல்லலைல்ல."

அதனால் அவர் வரவில்லை. வேறு வக்கீலை அமர்த்திக்கொண்டார். ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது பானுப்பிரியா வணக்கம் சொன்னாள், அவரும் சொன்னார், லாரி டிரைவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள், நல்லாருக்கான் என்றார். அவ்வளவுதான்.

முத்துலட்சுமியையும் அவள் தேடிப் போகவில்லை. வழக்கு வரப்போகிறது என்று தெரிந்தும், 'உங்களுக்கு நான் வாதாடுகிறேன்' என்று வாசலில் போய் நிற்க வக்கீலுக்கு வழியில்லை. காத்திருந்தாள்.

6

நோட்டீஸ் வந்தவுடன் முத்துலட்சுமி வந்தாள். மாடிப்படியில் மூச்சு வாங்கியது. வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் பானுப்பிரியா சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"அக்கா, கூண்டுல ஏறுனா ஒண்ணு கேப்பாங்க. யாரையாவது கேட்டுக்கிட்டு நடந்தீங்களான்னு."

"கேட்டுத்தான் நடந்தோம்."

"அப்படிச் சொன்னா நம்ம பக்கம் நிக்காது."

முத்துலட்சுமி யோசித்தாள். "கேக்கலைன்னு சொல்லணுமா?"

"சொல்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

"சொன்னாலும் எனக்கு வாய் வராது தாயி. அந்த மனுசன் போயிட்டாரு. கேக்காமத் திரிஞ்சவருன்னு நானே எப்படிச் சொல்லுவேன்?"

முத்துலட்சுமி நோட்டீஸை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு அவளே பேசினாள்.

"அவுககிட்ட போயிக் கேட்டா என்ன? புதுசா வந்தவுக. நாங்களும் போகல, அவுகளும் சொல்லல. நேரா வேலியப் போட்டுட்டாக."

"கேக்கலாம். ஆனா கேட்டுட்டீங்கன்னா பெறவு எப்பவும் அது நம்ம பாதைன்னு கோர்ட்டுல பேச முடியாது. அவரு குடுத்தாத்தான் உண்டு. வேண்டாம்னா வேண்டாம்தான்."

"அது தெரியுது."

"தெரிஞ்சும் கேக்கணுமா?"

"எங்களுக்கு வேற எப்படியும் நடந்து பழக்கமில்ல தாயி."

ஒரு வக்கீல் தன் கட்சிக்காரரை எதிராளி வாசலுக்குக் கூட்டிப் போவது நல்லதா? எனக்குச் சந்தேகம் இருந்தது. பானுப்பிரியாவுக்கும் இருந்தது. என்றாலும் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போன் செய்து, வரலாமா என்று கேட்டாள். தாராளமாக வாருங்கள் என்றார் அவர். [அவர் ஏன் உடனே ஒப்புக்கொண்டார் என்பது இன்னொரு கதை. அதற்குள் போகவில்லை.]

7

மண்டியில் வத்தல் கொட்டிக் கிடந்தது. உள்ளே நுழைந்ததும் இரண்டு பேருக்கும் தும்மல் வந்தது. சங்கரபாண்டியன் எழுந்து, அவர்கள் முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை பொறுத்திருந்தார். இரண்டு நாற்காலி போடச் சொன்னார். முத்துலட்சுமி உட்காரவில்லை.

"எங்க வீட்டாளு பழைய காட்டுக்காரரைக் கேட்டுத்தான் நடந்தாரு. வருசா வருசம் கேட்டாரு. நீங்க வாங்குனதும் நான் வந்து கேட்டுருக்கணும். வரல. இப்பக் கேக்கேன். கன்னுல வாய் வைக்காம ஓரமா ஓட்டிக்கிடுறேன். நடந்துக்கிடட்டா?"

தன் கட்சிக்காரரின் வழக்கு தன் கண்முன்னாலேயே முடிந்துபோவதைப் பானுப்பிரியா பார்த்தாள். பஸ்ஸில் அவள் கேட்ட ரகசியமும், அதைக் காக்க அவள் இழந்ததும் இப்போது சங்கரபாண்டியனுக்கு விளங்கியிருக்க வேண்டும். அவர் முத்துலட்சுமியை விட்டுவிட்டுப் பானுப்பிரியாவை வெகுநேரம் பார்த்தார்.

பிறகு முத்துலட்சுமியிடம் திரும்பிக் கேட்டார்:

"உங்க வீட்டுக்காரரு பேரு என்னம்மா?"

முத்துலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். புருசன் பெயரை வாயால் சொல்லிப் பழகாதவள். நானும் இந்தக் கதையில் இதுவரை அந்த மனிதருக்குப் பெயர் வைக்கவில்லை. பரங்கிக்காயைக் கொடுத்தேன், பெயரைக் கொடுக்கவில்லை. கேள்வி வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. எழுதாமல் விழித்துக்கொண்டிருந்தேன்.

"மருதுபாண்டி" என்றாள் பானுப்பிரியா.

தன் கட்சிக்காரருக்காக அவள் எதிராளியிடம் சொன்ன முதல் சொல் அது. சங்கரபாண்டியன் அந்தப் பெயரை மெதுவாக ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

அவர் என்ன பதில் சொன்னார் என்பதற்கு என்னிடம் இரண்டு வரைவுகள் உண்டு. இரண்டையும் படித்துவிட்டு எடுத்துவிட்டேன். முத்துலட்சுமி கேட்டுவிட்டாள். நான் எழுதிக் கொடுக்கும் பதில் அவருடைய தயவாக இருக்காது, என் தயவாகிவிடும். இப்போது சங்கரபாண்டியனின் நாற்காலியில் நீங்கள் இருக்கிறீர்கள். காடு உங்களுடையது, முருங்கைக் கன்றும் உங்களுடையது. அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.