இளைப்பாறிய ஜெனரல்

றஜீவ், இறந்துபோன ஜெனரலின் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அவனுடைய தொலைபேசி அதிர்ந்தது. அடக்கச்சேவைப் பெண் மறுபக்கம் திரும்பி நின்றாள். பூட்டி முடித்துவிட்டுத்தான் எடுத்தான்.

"தம்பி, செபஸ்ரியன் அண்ணை பெட்டி தூக்க வரமாட்டாராம்," என்றாள் புளோறன்ஸ் சின்னம்மா.

"ஏன்?"

"காலமை தமிழ் றேடியோவிலை அறிவித்தல் போனது. நான்தான் குடுத்தனான். பொலிவியாவைப் பிறப்பிடமாகவும் ஒஸ்லோவை வதிவிடமாகவும் கொண்ட இளைப்பாறிய இராணுவ ஜெனரல் எண்டு."

"அதை ஏன் போட்டனீங்கள்?"

"உத்தியோகம் போடாமல் மரண அறிவித்தலோ? கந்தோர்ப் பியோனுக்கே போடினம். உன்ரை மாமனாருக்குப் போடாட்டி உனக்கெல்லோ மரியாதையில்லை."

ஊரில் யுத்தநிறுத்தம் இருந்த காலம். ஆனாலும் றேடியோ கேட்டவர்களுக்கு இராணுவம் என்றால் ஊரில் கண்ட அந்த ஒரே இராணுவம்தான். செபஸ்ரியனின் மகனை யுத்த காலத்தில் ஆமி வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டு போனது. உடல்கூடக் கிடைக்கவில்லை. நேற்றுவரை அவருக்கு அந்தக் கிழவர், றஜீவின் மனைவியாயிருந்து போன மாரியில் செத்துப்போனவளான இனெஸின் அப்பா மட்டுமே. றஜீவின் மாமனார். கிறிஸ்மஸுக்கு வந்து இறைச்சி றோல்ஸ் உறைக்குது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொன்று எடுக்கிறவர்.

றஜீவ் நேரே பியோர்ண்டாலில் செபஸ்ரியனின் வீட்டுக்குப் போனான். செபஸ்ரியன் மாமா கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ஆமிக்காரன் எண்டு நீ ஒருநாளும் சொல்லேல்லை."

"நீங்கள் கேக்கேல்லை."

"கலியாணத்துக்கு முந்திக் கேட்டனான். அரசாங்க உத்தியோகம் எண்டாய்."

"அது பொய்யில்லையே, மாமா."

"நக்கல் விடாதை."

றஜீவ் வாசலிலேயே நின்று சொன்னான். பதினாறு வயதில் குதிரைப்படைப் பள்ளிக்குப் போனவர். வாலிபத்தில் எல்லைக் காவல். ஐம்பதுக்கு முன்பே ஜெனரல். வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரைச் சுடும்படி கட்டளை வந்தது. மறுத்தார். தோளிலிருந்த பதவிப் பட்டியைப் பிடுங்கினார்கள். சிறை. பிறகு மகளுடன் ஒஸ்லோ. ஹொல்ம்லியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்து இளைப்பாறினார்.

"அதுக்கு முந்தி?" என்றார் மாமா.

"முந்தியெண்டால்?"

"அவ்வளவு வருசம் ஆமியிலை இருந்தவர். அதுக்கு முந்தி ஆரையும் சுடேல்லையோ?"

இல்லை என்று சொன்னால் பெட்டிக்கு ஆறு பேர் சரி. மாமா நாளைக்கு முதல் ஆளாக வந்து நிற்பார்.

"சுடச் சொன்னவர். கப்டனாயிருக்கேக்கை. அதே சுரங்கத்திலைதான். எனக்கும் இனெஸுக்கும் அவர்தான் சொன்னவர்."

மாமா கதவுப் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லையெண்டு சொல்லியிருக்கலாமேடா."

"ஓம்."

"பெட்டியிலை கை வைக்கமாட்டன்."

"சரி, மாமா. நாளைக்குப் பத்து மணிக்குப் பூசை."

பூசைக்கு மாமா வந்தார். கடைசி வாங்கில் இருந்தார். பெட்டியின் முன்பக்கம் றஜீவும் சின்னம்மாவின் மூத்தவனும். நடுவில் ஜெனரலுடன் சதுரங்கம் விளையாடிய இரண்டு சிலி நாட்டுக் கிழவர்கள். பின்னால் சின்னம்மாவின் இளையவன். ஆறாவது பிடியை அடக்கச்சேவைப் பெண் எடுத்தாள்.

கல்லறைகளுக்குப் போகும் பாதை இறக்கம். உருகிய பனி இரவில் மறுபடி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. கிழவர்களில் ஒருவருக்குக் கால் சறுக்கியது. பெட்டி ஒரு பக்கம் சரிந்து நின்றது.

"பொறு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மாமா அவர்களைக் கடந்து போனார். பாதையோரத்தில், பனியில் தூவச் சிறுகல் நிரப்பி வைத்த பெட்டியைத் திறந்தார். உள்ளே அள்ளச் சவள் இருக்கவில்லை. தொப்பியைக் கழற்றி அதற்குள் கல்லை அள்ளினார். சவப்பெட்டிக்கு முன்னால், திரும்பிப் பார்க்காமல், கையால் எடுத்து எடுத்து வீசிக்கொண்டு நடந்தார். அவர்கள் அந்தக் கற்களின் மேல் கால்வைத்து இறங்கினார்கள்.

இனெஸின் கல்லறைக்குப் பக்கத்துக் குழியடியில் தொப்பி வெறுமையாகியிருந்தது. மாமா அதை முழங்காலில் தட்டி உதறினார். வெண்பனி தூறத் தொடங்கியது. அவர் தொப்பியைத் தலையில் போடவில்லை.