டிராக்கம்மா விழுங்கிய அரை நொடி

ஒரு சினிமாப் பாட்டை இரண்டு பேர் பாடுகிறார்கள் என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியாது. முதலில் ஒருவர் பாடுவார். மெட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே மூச்செடுக்க இடம் இருக்கிறது என்று காட்டுவதற்காகப் பாடிவைப்பது அது. அதற்கு டிராக் என்று பெயர். பிறகு ஒரு நாள் பேர் பெற்ற பாடகர் வருவார். டிராக்கைக் காதில் கேட்டுக்கொண்டே அதன் மேல் பாடிவிட்டுப் போவார். அவர் கார் தெருமுனை திரும்புவதற்குள் ஒலிப்பதிவாளர் முதல் குரலை அழித்துவிடுவார். வீடு கட்டி முடிந்ததும் சாரத்தைப் பிரிப்பது போலத்தான். பிரித்துப் போட்ட சாரத்தைப் பார்த்து யாரும் கண் கலங்கியதாகத் தகவல் இல்லை.

டிராக்கம்மா பதினான்கு வருடமாகச் சாரமாக இருந்தாள். ஸ்டுடியோவில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இருநூற்றுச் சொச்சம் பாட்டுகளை அவள் பாடியிருந்தாள். அவற்றில் ஒன்றுகூட அவள் குரலில் வெளியே வரவில்லை.

அவளுக்குச் சொல்லப்பட்ட விதி ஒன்றே ஒன்றுதான். “உணர்ச்சி எல்லாம் வேண்டாம்மா. அதை மேடம் வந்து போட்டுப்பாங்க” என்பார் இசையமைப்பாளர், ஏதோ உப்பைப் பற்றிப் பேசுவது போல. அவளும் பச்சைத் தண்ணீராகப் பாடிக் கொடுப்பாள். பாடி முடித்ததும் அவர் தலையை ஆட்டிக்கொண்டு, “நல்லா இருக்கே. உங்க குரல்லயே விட்டுடலாமான்னு தோணுது. பார்க்கலாம்” என்பார். இருநூறு தடவையும் சொன்னார். இருநூறு தடவையும் அவள் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அந்தப் ‘பார்க்கலா’மைப் பற்றி யோசித்துக்கொண்டே போனாள். தன்மானம் உள்ள ஒருத்திக்கு மூன்றாவது தடவையே புரிந்திருக்கும். அவளுக்கும் புரிந்துதான் இருந்தது. புரிந்த பிறகும் ஆசைப்படுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

ஒரு படத்தின் பாட்டு உருவான விதம் இது. கணவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறான். கதாநாயகி தனி வீட்டில் அவன் சட்டைகளை மடித்துக்கொண்டு பாடுகிறாள். இயக்குநர் வந்து சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“சார், எனக்கு ஒரு சாம்பல் நிறம் வேணும். ஆனா ஈரமான சாம்பல்.”

இசையமைப்பாளர் ஒரு மெட்டு வாசித்தார்.

“சாம்பல் வந்துடுச்சு சார். ஈரம் வரல.”

அவர் இன்னும் ஐந்து மெட்டு வாசித்தார். ஒன்றில் ஈரம் அதிகம், ஒன்றில் நிறமே இல்லை. கடைசியில் முதல் மெட்டையே சுருதியை அரைக் கட்டை குறைத்து வாசித்தார். இயக்குநர் கண்ணைத் திறந்தார். “இதைத்தானே சார் நான் காலையிலேருந்து கேட்டுட்டு இருக்கேன்.”

“நீங்க விடாம வேலை வாங்கினீங்க, அதான் வந்துச்சு” என்றார் இசையமைப்பாளர். இந்தப் பணிவினால்தான் அவர் முப்பது வருடம் தாக்குப்பிடித்தார்.

பாடலாசிரியர் வரிகளை எழுதினார். ‘நீ விட்டுப் போன நிழலை மடித்து வைத்தேன்’ என்ற இடத்தில், நிழலை எப்படி மடிப்பது என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். எந்நேரமும் மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பதால் அவருக்கு மீட்டர் என்றே பெயர். “அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? நீங்க முள்ளைப் பாருங்க” என்றார் பாடலாசிரியர்.

டிராக்கம்மா பாட வந்தாள். பஞ்சு அடைத்த அறை. கதவை மூடினால் வெளி உலகம் செத்துவிடும். தன் இதயத் துடிப்பும், காதுக்குள் தம்பூராவும் மட்டும்தான். அந்த மௌனம் அவளுக்குப் பிடிக்கும். அங்கே யாரும் அவளை எதுவும் கூப்பிடுவதில்லை. ‘நீ விட்டுப் போன நிழலை’ என்பதோடு பேப்பரின் முதல் பக்கம் முடிந்தது. பக்கத்தைப் புரட்டும்போது பேப்பர் தாங்கியிலிருந்து நழுவியது. இடது கையால் தாவிப் பிடித்தாள். பிடித்த பதற்றத்தை அப்படியே விழுங்கிவிட்டு ‘மடித்து வைத்தேன்’ என்று தொடர்ந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மீட்டரின் குரல் காதில் வந்தது. “நடுவுல என்னமோ விழுங்கினீங்களே.”

“பேப்பர் விழுந்துடுச்சு. இன்னொரு தடவை பாடிடறேன்.”

“டிராக்தானே, விடுங்க.”

பேர் பெற்ற பாடகி வெளிநாட்டுக் கச்சேரிகளில் இருந்ததால், டிராக்கை வைத்தே படம் பிடித்தார்கள். கதாநாயகிக்கு மொழி தெரியாது. அவள் பாட்டை அர்த்தமாக அல்லாமல் ஒலியாகவே மனப்பாடம் செய்தாள். ஒவ்வொரு மூச்சையும் எண்ணி எண்ணி வாயசைத்தாள். ‘நிழலை’ வந்தது. விழுங்கல் வந்தது. அவளும் விழுங்கினாள். கழுத்து ஒரு முறை ஏறி இறங்கியது, கண் நிறைந்தது. படப்பிடிப்பில் இருந்த அறுபது பேரும் மூச்சு விட மறந்தார்கள். ‘கட்’ சொல்ல இயக்குநரும் மறந்தார்.

மூன்று மாதம் அவர் எடிட்டிங் அறையில் அந்த முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரு கையைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டு சொல்வார்: “பெண்ணோட மொத்த சரித்திரமும் அந்த விழுங்கல்ல இருக்கு சார்.”

பிறகு பேர் பெற்ற பாடகி தன் வீட்டு ஸ்டுடியோவிலேயே பாடி அனுப்பிய குரல் வந்தது. துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு சுருதி பிசகவில்லை. விழுங்கலும் இல்லை. படத்தோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தார்கள். பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, கதாநாயகி மட்டும் காரணமில்லாமல் எச்சில் விழுங்கினாள்.

“பசி வந்த மாதிரி இருக்கு சார்” என்றார் எடிட்டர்.

இயக்குநர் ஒற்றைக் காலில் நின்றார். டிராக் பாடிய குரல்தான் வேண்டும், இல்லையென்றால் இந்தப் பாட்டே வேண்டாம். அன்று சாயங்காலம் டிராக்கம்மாவின் போன் அடித்தது.

“அம்மா, உங்க குரல்லயே வச்சுக்கலாம்னு டைரக்டர் ஒரே பிடிவாதம். நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க” என்றார் இசையமைப்பாளர். பேச்சின் கடைசியில் அந்தப் பழைய ‘பார்க்கலாம்’ இல்லை. போனை வைத்த பிறகும் அவள் அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கையில் கிரீஸ் வாடையோடு வந்து விஷயத்தைக் கேட்டார். “ஏம்மா, அப்ப உன் பேர் வருமா?”

“வரும்னுதான் நினைக்கிறேன்.”

“பதினாலு வருஷமா கீழ் மாடியிலயே நின்ன லிஃப்ட்டு. ஏறும்போது பார்த்து ஏறணும். திடீர்னு கயிறு விட்டுடும்.”

“அப்பா, நல்ல வார்த்தையே வராதா உனக்கு?” என்றாள் பத்தாவது படிக்கிற மகள். “அம்மா, நாளைக்கு அந்தப் பச்சைப் புடவை கட்டிக்கோ. போட்டோ எடுப்பாங்க.”

“குரலைத்தானேடி எடுக்கறாங்க.”

“பரவால்ல, கட்டிக்கோ.”

மறுநாள் பச்சைப் புடவையோடு போனாள். அங்கே இசையமைப்பாளர், இயக்குநர், மீட்டர் மூவரோடு பேர் பெற்ற பாடகியும் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது. டிராக்கம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நான் உங்க குரலைக் கேட்டுத்தான் பாட்டே கத்துக்கறேன், தெரியுமா?” அது பொய்யில்லை. எட்டு வருடமாக அவள் காதில் மாட்டுகிற கருவியில் ஓடுவது டிராக்கம்மாதான்.

முதலில் மீட்டர் ஒரு வழி சொன்னார். டிராக்கிலிருந்து விழுங்கலை மட்டும் வெட்டி, மேடம் குரலின் நடுவில் ஒட்டிவிடலாம். வெட்டினார், ஒட்டினார், ஓட்டினார். எல்லோரும் கேட்டார்கள்.

“விக்கல் மாதிரி இருக்கு” என்றார் இயக்குநர்.

அடுத்ததாக மேடமே விழுங்கிப் பார்ப்பதாகச் சொன்னாள். பஞ்சு அறைக்குள் போய் ஏழு தடவை விழுங்கினாள். ஒன்று மாத்திரை போடுவது போல இருந்தது. ஒன்று மீன் முள் மாட்டியது போல இருந்தது. ஏழாவதில் நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள்.

“அக்கா, அந்த இடத்துல நீங்க மனசுல என்ன நினைச்சீங்க?”

“பேப்பர் விழுந்துடுச்சு மேடம். பிடிச்சேன்.”

இயக்குநர் மெதுவாகச் சிரித்தார். “தன்னடக்கமா சொல்றாங்க. அவங்க மனசுல எதுவோ இருக்கு. நாம கிளறக் கூடாது.”

டிராக்கம்மா மறுபடி சொல்ல வாயெடுத்தாள். மீட்டர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். பெண்ணின் மொத்தச் சரித்திரத்தையும் ஒரு பேப்பரிடம் பறிகொடுக்க அந்த அறையில் யாரும் தயாராக இல்லை.

மேடம் ஒரு முடிவுக்கு வந்தவள் போல நிமிர்ந்தாள். “சார், எதுக்கு இந்தப் பாடு? அக்கா பாடினதே முழுசா இருந்துடட்டும். இதைவிட நல்லா என்னால பாட முடியாது. அதை ஒத்துக்கறதுல எனக்கு வெக்கமில்லை.”

டிராக்கம்மா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“என் பேரை எப்படியும் போஸ்டர்ல போட்டாச்சு” என்று தொடர்ந்தாள் மேடம். “அது அப்படியே இருக்கட்டும். எனக்கு அதுல ஒண்ணும் ஆட்சேபணை இல்லை.”

“என்ன ஒரு பெரிய மனசும்மா உங்களுக்கு” என்றார் இசையமைப்பாளர். குரல் தழுதழுத்தது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விழுங்கல் கிடைத்துவிட்டது, பேர் கிடைத்துவிட்டது, மேடம் இன்னொரு முறை பாட வேண்டியதும் இல்லை. எல்லோருக்கும் எல்லாம் அமைந்துவிட்ட அறையில், நன்றியை எதிர்பார்த்து நான்கு முகங்கள் டிராக்கம்மா பக்கம் திரும்பின. மீட்டரின் முகம் மட்டும் பாதி வழியில் நின்று முள்ளுக்கே திரும்பிப் போனது.

ஏர்கண்டிஷனர் ஒரு முறை செருமிவிட்டு அடங்கியது. தன் முழுப் பாட்டும் ஊரெல்லாம் ஒலிக்கப்போகிறது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். கடைகளில், பஸ்களில், மகளின் பள்ளி விழாவில். ஒவ்வொரு இடத்திலும் தான் வாயை மூடிக்கொண்டு நின்று கேட்பதையும் யோசித்தாள். அழிந்துபோன குரல்களைப் பற்றி அவளுக்கு வருத்தம் உண்டு, அவமானம் இருந்ததில்லை. அழிந்ததை யாரும் திருடவில்லை அல்லவா.

“ஒரு விஷயம் மேடம்” என்றாள். “யாராவது என்னைக் கேட்டா, நான்தான் பாடினேன்னு சொல்லிடுவேன்.”

“யாரும் கேட்க மாட்டாங்க அக்கா.”

“கேட்டா சொல்றேன். நானா போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டா, இல்லைன்னு சொல்ல எனக்கு வராது.”

இசையமைப்பாளர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்தார். “அம்மா, படம் முடிஞ்சதும் ‘நன்றி’ன்னு ஒரு அட்டை வருதில்ல? சாப்பாடு போட்டவங்க, ஜெனரேட்டர் கொடுத்தவங்க பேரெல்லாம் வரும். அதுல உங்க பேரையும் சேர்த்துடறேன். நானே எழுதிக் கொடுக்கறேன், பாருங்க.” பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். பேப்பரில் முனையை வைத்தார். பேனா அங்கேயே நின்றது. அவர் மீட்டரைப் பார்த்தார். மீட்டருக்கும் அவள் பேர் தெரியவில்லை.

டிராக்கம்மா எடுத்துக் கொடுக்கவில்லை. பேனா முனையிலிருந்து மை பரவி ஒரு சின்ன வட்டமானது.

அதற்குள் மேடத்தின் முகம் மாறியிருந்தது. “சார், இது சரிப்படாது. நாளைக்கு இவங்க வெளியில சொன்னா என் மத்த பாட்டெல்லாமும் இவங்க பாடினதான்னு கேட்பாங்க. அழிச்சிடுங்க. இப்பவே, என் கண் முன்னாடி.”

“அப்ப என் க்ளோசப்?” என்றார் இயக்குநர், பறிகொடுத்தவர் போல.

“உங்க க்ளோசப்பை வேற யாரையாவது வச்சுக் காப்பாத்துங்க. நான் வேணும்னா போஸ்டர்லேருந்தே போயிடறேன்.”

அது பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் இசையமைப்பாளர் ‘அழிங்க’ என்பது போலக் கையைக் காட்டிவிட்டார். மீட்டர் டிராக்கைத் தேர்ந்தெடுத்தார். ‘நிச்சயமாக அழிக்கலாமா?’ என்று திரையில் கேள்வி வந்தது. அன்று அந்த அறையில் கேட்கப்பட்டதிலேயே யோக்கியமான கேள்வி அது ஒன்றுதான். மீட்டர் நாற்காலியோடு திரும்பி டிராக்கம்மாவைப் பார்த்தார். பதினான்கு வருடத்தில் அவர் முள்ளை விட்டு முழுசாகத் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

“அழிங்க” என்றாள் அவள்.

அதற்குப் பிறகு ஸ்டுடியோவிலிருந்து போன் வரவில்லை. மூன்றாவது வாரம் பாட்டு வெளியானது. மகளின் போனில், கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து மூவரும் பார்த்தார்கள். கதாநாயகி சட்டைகளை மடித்தாள். துடைத்த கண்ணாடிக் குரலில் ‘நீ விட்டுப் போன நிழலை’ வந்தது. அவள் கழுத்து அசையப்போகிற நேரத்தில் முகம் மறைந்தது. வானம் வந்தது. ஒரு கொக்குக் கூட்டம் இடமிருந்து வலமாக, அவசரமில்லாமல் பறந்து போனது. ‘மடித்து வைத்தேன்’ முடிந்து முகம் திரும்பி வந்தபோது கதாநாயகியின் கண்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தன.

“இவங்க எப்பம்மா அழுதாங்க?” என்றாள் மகள்.

“கொக்கைப் பார்த்து அழுதிருப்பாங்க” என்றார் கணவர். “ஆனா மூடின வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு நடுவுல ஏது கொக்கு?”

“அந்த இடத்துல நான் இருந்தேன்” என்றாள் அவள். “எடுத்துட்டு அதை வச்சிருக்காங்க.”

மகள் ஒரு நிமிடம் அவளையே பார்த்தாள். பிறகு விரலால் பாட்டைப் பின்னால் தள்ளி, கொக்குகள் வரும் இடத்தில் நிறுத்தினாள்.

“இதுல எதும்மா நீ? முன்னாடி போறதா?”

அவள் போனைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தாள்.

“மொத்தக் கூட்டமும்தான்” என்றாள்.